தரங்கம்பாடி: கோட்டையும் அச்சகமும் வளர்த்த ஊர்

காவிரிக் கழிமுகத்தின் கடற்கரையில், காரைக்காலுக்கு வடக்கே அமைந்துள்ள தரங்கம்பாடியின் வரலாற்றை டேனிஷ்காரர்களின் வருகையிலிருந்து தொடங்குவது வழக்கமாயினும், அவ்வூர் அவர்களுக்கு முந்நூறு ஆண்டுகள் மூத்தது. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அலைவாய்க் கரையில் மாசிலாமணிநாதர் கோயில் எழுந்தது. அக்காலக் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்று குறிக்கிறது. மீனவரும் வணிகரும் வாழ்ந்த அந்தச் சிறு குடியிருப்பே பின்னர் எழுந்த நகரத்துக்கு அடித்தளம்.

1616இல் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் ஆதரவில் தொடங்கப்பட்ட கிழக்கிந்திய வணிக நிறுவனம் முதலில் நாடியது இலங்கையை. அங்கு முயற்சி கைகூடாமல் போகவே, போர்த்துகீசியரிடம் கப்பலை இழந்து தஞ்சை அரசவையை அடைந்திருந்த ரோலண்ட் கிராப்பே என்ற வணிகரின் துணையுடன், கடற்படைத் தலைவர் ஓவ கெட்டே 1620 நவம்பரில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடம் வணிக உரிமை பெற்றார். நாகப்பட்டினத்தில் காலூன்றியிருந்த போர்த்துகீசியருக்குப் போட்டியாக இன்னொரு வணிகக் குழு வருவது நாயக்கருக்கும் உகந்ததாகவே இருந்தது. ஆகவே, டேனிஷ்காரர்கள் இங்கு எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டையை அயலவர் வலிமையின் சின்னமாக மட்டும் காண்பது பிழை, அது நாயக்கரின் கணக்கில் விளைந்ததும் ஆகும். 1639க்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாய்நாட்டிலிருந்து கப்பல் ஒன்றும் அனுப்பப்படாதிருந்தும் ஊர் அழியாமல் நின்றது. பின்னர் ஐரோப்பிய வல்லரசுகள் தம்முள் போரிட்ட காலங்களில், நடுநிலைக் கொடியின் கீழ் சென்ற டேனிஷ் கப்பல்கள் பிறர் சரக்கையும் ஏற்றிப் பெரும் ஆதாயம் ஈட்டின.

ஆயினும் தரங்கம்பாடிக்கு நிலையான புகழைத் தந்தவை மிளகோ துணியோ அல்ல. 1706 ஜூலை 9 அன்று கரையிறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளூச்சோ என்னும் லுத்தரன் மறைப்பணியாளர்களை அனுப்பியவர் டென்மார்க் மன்னரேயாயினும், ஊரை ஆண்ட வணிக நிறுவன அலுவலர்கள் அவர்களை விரும்பவில்லை. சீகன்பால்கு சில மாதங்கள் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். ஆயினும் அவர்களின் மறைப்பணி இங்கு ஓர் அச்சகத்தை உருவாக்கியது. தமிழ் அச்சு 16ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது என்றாலும், இடைக்காலத்தில் அது தளர்ந்திருந்தது. அதற்குத் தொடர்ச்சியான வாழ்வளித்தது இச்சிற்றூரே. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்த எழுத்துகள் அளவில் பெரியனவாக இருந்து தாளை மிகுதியாக விழுங்கவே, சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சிட்டு முடிக்கப்பட்டது. அச்சுக்குத் தேவையான தாளைச் செய்ய அருகிலுள்ள பொறையாற்றில் ஆலையும் அமைக்கப்பட்டது. எழுத்து வார்ப்பும் தாளும் அச்சும் ஒரே வட்டாரத்தில் கூடிய அந்த முயற்சி, ஒரு கோட்டையைக் காட்டிலும் போற்றத்தக்கது.

1845இல் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. போரின்றிக் கைமாறிய ஊர் 1860 வரை தஞ்சாவூர் மாவட்டத்தின் தலைநகராக இருந்தும், அத்தகுதி தஞ்சாவூருக்கு மாறியதும், 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்துக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே இருப்புப்பாதை அமைந்ததும் அதன் வணிகத்தை ஒடுக்கிவிட்டன. துறைமுகத்தின் உயிர் அதன் பின்னே உள்ள விளைநிலங்களோடும் நெசவூர்களோடும் கொண்ட தொடர்பிலேயே இருந்தமையால், சரக்கு வேறு வழியில் சென்றபோது ஊர் தளர்ந்தது இயல்பே. மயிலாடுதுறையிலிருந்து 1926இல் வந்த கிளைப்பாதை காலங்கடந்து வந்த உதவி. 1986இல் அதுவும் நிறுத்தப்பட்டது.

இதற்கிடையே கடலரிப்பு மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை விழுங்கியது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை மீனவர் குடியிருப்புகளில் பல உயிர்களைப் பறித்தது. கோட்டை அருங்காட்சியகமாகவும், பழைய வீதிகளின் மாளிகைகள் சில விடுதிகளாகவும் புதுப்பிக்கப்பட்டுள்ள இன்று, வட்டாரத்தின் கடைத்தெருப் பரபரப்பு பொறையாற்றுக்கு நகர்ந்துவிட்டது.