திருநெல்வேலி வட்டாரத் தொழிலாளர் இடப்பெயர்வு

தாமிரபரணிப் பாசனப் பகுதியிலிருந்தும் அதைச் சூழ்ந்த மானாவாரி நிலங்களிலிருந்தும் மக்கள் கூலி வேலை தேடி இலங்கை, மேற்கு மலைத்தொடரின் தோட்டங்கள், பம்பாய் ஆகிய இடங்களுக்குச் சென்று தங்கியது 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. அதற்கு முன்பும் அறுவடைக்கு ஊர்விட்டு ஊர் போகும் வழக்கம் இருந்தது.

காரணங்கள். பாபநாசம் முதல் திருவைகுண்டம் வரை அணைக்கட்டுகளும் கால்வாய்களும் கார், பிசானம் என இரு பூ விளைவித்தன. நிலம் பெரும்பாலும் பிராமணர், வேளாளர், கோயில்கள், மடங்கள் ஆகியோர் வசம் இருந்தது. வயலில் இறங்கியவர்களோ பெரும்பாலும் நிலமற்ற பள்ளர், பறையர் சமூகத்தினர். நடவுக்கும் அறுப்புக்கும் இடைப்பட்ட நாள்களில் அவர்களுக்குக் கூலி கிடையாது. தெற்கே தேரிக்காட்டுப் பனையேறிகளுக்குப் பதநீர்க் காலம் முடிந்ததும் வருமானம் நின்றுவிடும். 1876-78 தாது வருடப் பஞ்சமே மக்களை வெளியேற்றியது என்பது ஒரு சாரார் கருத்து. நிலமின்மையும் சாதிக் கொடுமையுமே அடிப்படை என்பர் மறு சாரார். முதல் விளக்கம் பஞ்ச ஆண்டுகளுக்குப் பொருந்துகிறது. ஆனால் மழை பெய்து வயல் விளைந்த ஆண்டுகளிலும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

இலங்கை. கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களும், 1869இல் பரவத் தொடங்கிய இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களும் தமிழகத் தொழிலாளரை ஈர்த்தன. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சென்றவர்களே மிகுதி. திருநெல்வேலியின் பங்கு எவ்வளவு என்பதில் ஒத்த கருத்தில்லை. 1876இல் தூத்துக்குடிக்கு இரயில் வந்தது. கொழும்புக்குக் கப்பலேறுவோர் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தட்டப்பாறை முகாமில் நோய்த்தடைக்காக நிறுத்திவைக்கப்பட்டனர். 1914இல் பாம்பன் பாலம் வந்தபின் மண்டபம் முகாம் முதன்மை பெற்றது.

ஆள் சேர்த்தவர் கங்காணி. பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சில சமயம் உறவினர். வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. தோட்டம் மாற விரும்பியவருக்குத் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறோம் என்று தோட்ட மேலாளரான துரை எழுதிக் கொடுக்கும் சிறு சீட்டு அது. ஒரு குடும்பத்தின் கடன் முழுவதும் அதில் ஒற்றை வரியில் அடங்கியது. புதிய தோட்டம் அந்தக் கடனை அடைத்துத் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ளும். தொழிலாளிக்கு மலை மாறியது, கடன் மாறவில்லை. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தைத் தொடர்ந்து கண்டியில் இந்திய அரசின் முகவர் அமர்த்தப்பட்டார். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1939இல் இந்தியா உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. திரும்பியோரில் ஒரு பகுதியினர்க்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்திலும் கன்னியாகுமரியில் அரசு ரப்பர் தோட்டத்திலும் வேலை தரப்பட்டது.

மேற்கு மலைத்தோட்டங்கள். கப்பலேறியவர்களுக்குத் துறைமுகப் பதிவேடு உண்டு. செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே திருவிதாங்கூருக்கு நடந்தவர்களை அப்படி எவரும் எண்ணி எழுதவில்லை. மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் திருநெல்வேலிச் சீமையினர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். 2015 செப்டம்பரில் போனஸ் கேட்டு மூணாற்றில் சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுப் போராடிய ‘பெம்பிளை ஒருமை’ப் பெண்களில் பெரும்பாலோர் தமிழர். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகளின் மேல் மலை சரிந்ததில் 70 பேர் இறந்தனர். அவர்களில் பலரது பூர்விகம் கயத்தாறு.

மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் ஏறத்தாழ 8,374 ஏக்கரை 1929இல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஜமீன் வாரிசு ஒருவர் சிக்கிய கொலை வழக்கின் செலவே காரணம் என்று சொல்லப்படுகிறது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய குடியிருப்புகளுக்குச் சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்கள் வந்தனர். தங்கள் ஊர் வயலுக்குப் பாயும் நீர் பிறக்கும் மலைக்கே கூலிக்குப் போனவர்கள் இவர்களில் பலர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பும் புகையிலையும் தேய்த்துக்கொண்டு கொழுந்துக்கு இறங்க வேண்டியிருந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவமனை ஆகியவற்றை நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. ஆனால் வேலையோடு வந்த வீடு வேலையோடு போகும். மூன்று தலைமுறை குடியிருந்தும் பட்டா இல்லை.

1998-99 கூலி உயர்வுப் போராட்டத்தில் மாஞ்சோலைத் தொழிலாளர் பலர் சிறை சென்றனர். அவர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலம் கொக்கிரகுளத்தில் தடியடியில் முடிந்தது. தடியடிக்குத் தப்பத் தாமிரபரணி ஆற்றில் இறங்கியவர்கள் உட்பட 17 பேர் இறந்தனர். ஒன்றரை வயதுக் குழந்தையும் அவர்களில் அடங்கும். நீதிபதி மோகன் ஆணையம் காவல்துறையின் நடவடிக்கையை நியாயப்படுத்தியது. போராடியவர்கள் அதை இன்றுவரை ஏற்கவில்லை. குத்தகை 2028இல் முடியவிருந்த நிலையில், 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்துடன் வேலையை நிறுத்தியது. தோட்டத்தை அரசே ஏற்று நடத்தக் கோரிய மனுக்களைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் தள்ளுபடி செய்தது.

பிற இடங்கள். பம்பாயில் தாராவியின் தோல் பதனிடும் தொழிலைத் திருநெல்வேலி முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் வளர்த்தனர். வளைகுடாப் பயணம் 1970களிலிருந்து பெருகியது. ஆண்கள் வெளியூர் போன வீடுகளில், முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பகுதிகளில், பெண்களின் பீடிச் சுற்றே அன்றாடச் செலவைத் தாங்கியது.

உரிமைகள். 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் ஒப்பந்ததாரர் வழியே சென்றவர்களையே கணக்கில் கொண்டது. தானாகப் பேருந்து ஏறியவர் அதற்கு வெளியே நின்றார். இச்சட்டத்தை உள்வாங்கிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் தானாகச் செல்பவரையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் பழைய சட்டத்திலிருந்த இடப்பெயர்வுப் படியை விட்டுவிட்டது.