மாய வயலினும் மணமாகாத பேராசிரியரும்

ஒரு பெண்ணைச் சுற்றி ஐந்து ஆண்கள் என்று கதை சொன்னால் சிரிப்பு வருகிறது. ஒரு ஆணைச் சுற்றிப் பத்துப் பெண்கள் நிற்கும் கதைகளுக்கு அந்தச் சிரிப்பு ஏனோ வருவதில்லை. இளம்பெண்களுக்கென்று எடுக்கப்படும் ஜப்பானியக் காதல் அனிமேக்களைப் பார்க்கும் மாணவிகள் அதை வெளியே சொல்லக் கூச்சப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த ஐந்து ஆண்களும் அங்கே வந்து நின்றதற்கு ஒரு வரலாறு உண்டு.

2006 அக்டோபர் முதல் 2007 மார்ச் வரை ஒளிபரப்பான 'கின்இரோ நோ கோர்டா'வை எடுத்துக்கொள்வோம். தங்கத் தந்தி என்று பொருள். செய்சோ என்ற பள்ளியில் இரண்டு பிரிவுகள். இசைப் பிரிவினருக்கு வெள்ளைச் சீருடை, பொதுப் பிரிவினருக்கு அடர்நிறச் சீருடை. யார் கலைக்குப் பிறந்தவர், யார் இல்லை என்பதை உடையே சொல்லிவிடும். (இது நமக்குப் புரியாத ஏற்பாடா என்ன?) பொதுப் பிரிவில் படிக்கும் ஹினோ கஹோகோவின் கையில் ஒரு குட்டித் தேவதை மாய வயலினைத் திணிக்கிறது. இசை தெரியாத அவள் பள்ளியின் இசைப் போட்டிக்குள் தள்ளப்படுகிறாள். உடன் போட்டியிடும் ஆண்கள் ஐவர்: வயலின் வாசிக்கும் ட்சுகிமோரி லென், பியானோவுக்கு ட்சுசியுரா, டிரம்பெட்டுக்கு ஹிஹாரா, புல்லாங்குழலுக்கு யுனோகி, செல்லோவுக்கு ஷிமிசு.

இது முதலில் வீடியோ கேமாக வந்தது. 2003இல் அதை வெளியிட்டது கோயே நிறுவனத்தின் 'ரூபி பார்ட்டி' குழு. ஆண்களுக்காக ஆண்களே கேம் செய்துகொண்டிருந்த காலத்தில், அந்நிறுவனத்தின் எரிகாவா கேய்கோ பெண்களைக் கொண்டு உருவாக்கிய குழு அது. 1994இல் அவர்கள் கொண்டுவந்த 'ஆஞ்செலிக்' கேமில் நாயகி அரசிப் பதவிக்குப் போட்டியிடுவாள். சுற்றிலும் அழகிய ஆண்கள். அவர்களில் ஒருவனைக் காதலித்துக் கைப்பிடித்தால் அரசிப் போட்டியிலிருந்து விலக வேண்டும். அரியணையா, காதலா? பெண்களே பெண்களுக்காகச் செய்த கேமிலும் விதி இப்படித்தான் இருந்தது. அதே குழு ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு செய்த 'கோர்டா'வில் அரியணை இருந்த இடத்துக்கு வயலின் வந்தது. காதலுக்காக அதைக் கீழே வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எனக்கு இது பெரிய நகர்வாகத் தெரிகிறது.

ஏனென்றால் ஜப்பானில் வயலின் பிடித்த பெண்களிடம் அந்தக் கேள்வி நிஜமாகவே கேட்கப்பட்டது. கோடா நோபு 1870இல் பிறந்தவர். அரசின் இசை ஆய்வு நிறுவனத்தில் 1885இல் தேறிய முதல் பட்டதாரிகளில் ஒருவர். பின்னாளில் டோக்கியோ இசைப் பள்ளியாக மாறியது அந்த நிறுவனம்தான். 1889இல், பத்தொன்பது வயதில், அரசு செலவில் இசை படிக்க வெளிநாடு அனுப்பப்பட்டார். இசைக்காக அப்படி அனுப்பப்பட்ட முதல் ஆள் ஒரு பெண். பாஸ்டனிலும் வியன்னாவிலும் படித்துவிட்டு 1895இல் திரும்பினார். 1897இல் வயலின் சொனாட்டா எழுதினார். பேராசிரியரானார். தங்கை கோவும் பெர்லினுக்குப் போய் வயலின் படித்துவந்தார்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த அரசுக் கல்விக்கூடம் அன்றைய ஜப்பானில் அபூர்வம். எனவே இசைப் பள்ளி என்றாலே பத்திரிகைகளுக்கு வதந்தி. கடைசிவரை மணம் செய்துகொள்ளாத நோபு, ஆண்களுக்கு மேலான இடத்தில் உட்கார்ந்திருந்தது பலருக்குப் பொறுக்கவில்லை. விமர்சனங்களுக்கு நடுவே 1909இல் பதவி விலகினார். அதன் பிறகு தம் வீட்டில் பியானோ சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படிக்க வந்தவர்கள் மேட்டுக்குடிப் பெண்பிள்ளைகள். பெண்ணின் இசை மேடையிலிருந்து வரவேற்பறைக்குப் போனது. அங்கே அது கல்யாணச் சந்தையில் ஒரு கூடுதல் தகுதி.

கஹோகோவின் வயலின் பாதியில் மாயத்தை இழக்கிறது, தந்தி அறுகிறது. இதுவரை கிடைத்த கைதட்டல் எதுவும் தனக்கில்லை என்று குன்றிப்போகிறாள். வயலினைத் தொடவே கை வரவில்லை. பிறகு, எடுத்துப் பழகுகிறாள். இப்போது சுருதி தப்புகிறது, தோள் வலிக்கிறது, ஆனால் வாசிப்பது அவள். அந்த ஆண்கள் அவளைக் காப்பாற்ற வருவதில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். பெரும்பாலும் அவர்கள் வாசிக்கிறார்கள், அவள் கேட்டுக் கற்கிறாள். ஐவரும் ஐந்து விதமான காது. தொடர் முடியும்போது அவள் யாரையும் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணொருத்தி விடை சொல்லாமலே ஒரு கதையைக் கடந்துவிட முடிவது எனக்குக் குறையாகப் படவில்லை.

என் குறை வேறு. அந்தப் போட்டியில் கஹோகோவைத் தவிர்த்தால் இருப்பது ஒரே ஒரு பெண், கிளாரினெட் வாசிக்கும் புயுஉமி ஷோகோ. கூச்சத்தில் குரலே எழும்பாதவள், கஹோகோவை அண்ணாந்து பார்ப்பவள். ஆண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பமும் ஒரு காயமும் எழுதிவைத்தவர்கள் ஷோகோவுக்கு வெட்கத்தை மட்டும் கொடுத்தார்கள். வெளிநாட்டில் இசை படிக்க ஜப்பான் முதலில் தேர்ந்தெடுத்ததே ஒரு பெண்ணை. அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த கதையில் ஏழு பேரில் இரண்டு பெண்கள், அதில் ஒருத்தியின் கையில் மாயம்.