பேதி உப்பு, மில்க் ஆஃப் மெக்னீசியா: மலச்சிக்கலுக்கு எடுக்கலாமா? யார் தொடவே கூடாது? முழு விவரம்

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரே பொருள் இரண்டு விதமான கடைகளில் கிடைக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் 'பேதி உப்பு'. உரக்கடையில் கேட்டால் 'மெக்னீசியம் சல்பேட்'. வாழையிலும் திராட்சையிலும் அடி இலைகள் நரம்புக்கு நடுவே மஞ்சளாகும்போது விவசாயிகள் போடுவது இதைத்தான்.

அப்படியென்றால் தோட்டத்து மூட்டையில் இருப்பதைக் கரைத்துக் குடிக்கலாமா? கூடவே கூடாது. மெடிக்கலில் வாங்கியதை யார் வேண்டுமானாலும் குடிக்கலாமா? அதுவும் கூடாது. உப்பு வகை பேதி மருந்துகளை எப்படி, எவ்வளவு, யார் எடுக்கலாம் என்பதை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

முதல்ல, இது மலச்சிக்கல்தானா?

தினமும் காலையில் போயே ஆக வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் ஒரு நாளைக்கு 3 முறை முதல் வாரத்துக்கு 3 முறை வரை எல்லாமே இயல்புதான். வாரத்தில் 3 முறைக்கும் குறைவாகப் போவது, கட்டியாக வருவது, முக்கிப் போக வேண்டியிருப்பது, போன பிறகும் முழுசாகப் போன திருப்தி இல்லாதது ஆகியவைதான் மலச்சிக்கலின் அறிகுறிகள். ஒரு நாள் போகவில்லை என்பதற்காக மருந்தைத் தேட வேண்டாம்.

கம்பம், போடி பக்கம் கவனிக்க வேண்டிய காரணம்

கம்பம் மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையிலேயே ஜீப் ஏறிப் போகும் தொழிலாளர்கள் ஏராளம். அதில் பெண்கள் அதிகம். தோட்டத்தில் கழிப்பறை வசதி இல்லாவிட்டால் என்ன நடக்கும்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், வந்தாலும் அடக்கிக்கொள்வார்கள். அடக்க அடக்க, குடல் மலத்தில் உள்ள நீரை மேலும் உறிஞ்சிக்கொள்ளும். மலம் இறுகும். இதற்கு மருந்து மட்டும் தீர்வு ஆகாது.

உப்பு எப்படி பேதியாக்குகிறது?

சமாச்சாரம் எளிமையானது. மெக்னீசியம் உப்புகளைக் குடல் முழுவதுமாக உறிஞ்சாது. குடலிலேயே தங்கும் உப்பு, சுற்றியுள்ள நீரைத் தன் பக்கம் இழுக்கும். மலம் இளகும், குடல் விரிந்து அசையும், வெளியேறும். பொதுவாக அரை மணி நேரத்திலிருந்து 6 மணி நேரத்துக்குள் வேலை செய்துவிடும்.

இந்த வகையில் முக்கியமானவை மூன்று:

- மெக்னீசியம் ஹைட்ராக்சைடு: பால் போல வெள்ளையாக இருக்கும் 'மில்க் ஆஃப் மெக்னீசியா'. 1873-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பழைய மருந்து.
- மெக்னீசியம் சல்பேட்: இதுதான் பேதி உப்பு. இங்கிலாந்தின் எப்சம் ஊர் ஊற்றுநீரில் கிடைத்ததால் 'எப்சம் உப்பு' என்றும் பெயர். கசப்பு அதிகம், வேகமும் அதிகம்.
- சோடியம் பாஸ்பேட்: பெரும்பாலும் எனிமாவாகவோ, பரிசோதனைக்கு முன் குடலைச் சுத்தம் செய்யவோ தரப்படுவது.

விளக்கெண்ணெய், கடுக்காய், நிலாவரை எல்லாம் இந்த வகையில் சேராது. அவை வேலை செய்யும் விதமே வேறு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் குடிப்பது வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

உரக்கடை உப்பு ஏன் வேண்டாம்?

பெயர் ஒன்றுதான், தரம் ஒன்றல்ல. மனிதர்கள் உட்கொள்ளும் மருந்துக்கு எவ்வளவு தூய்மை வேண்டும், ஈயம், ஆர்செனிக் போன்றவை எந்த அளவைத் தாண்டக் கூடாது என்று மருந்துத் தர நூலில் வரம்பு உண்டு. அந்தத் தரத்தில் தயாரானது என்பதற்கு அடையாளமாக லேபிளில் 'ஐ.பி.' என்று இருக்கும். உர மூட்டை பயிருக்காகத் தயாரானது. அது பூச்சிமருந்தோடு ஒரே அறையில் கிடந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. குளியலுக்கு என்று விற்கும் எப்சம் உப்பும் குடிப்பதற்கானது அல்ல.

இன்னொன்று: சாப்பாட்டு உப்பையோ இந்துப்பையோ ஒரு சொம்பு வெந்நீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லும் வீடியோக்கள் வலம் வருகின்றன. அது சோடியம். பிரஷர், இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து.

எப்படி எடுக்க வேண்டும்?

- எப்போதாவது மலச்சிக்கல் வருபவர்களுக்கு பேதி உப்பைவிட மில்க் ஆஃப் மெக்னீசியா மென்மையானது. 5 மி.லி.யில் 400 மி.கி. மருந்து உள்ள பாட்டில் என்றால், பெரியவர்களுக்கான வழக்கமான அளவு ஒரு நாளைக்கு 30 முதல் 60 மி.லி. குறைந்த அளவில் தொடங்குங்கள். பாட்டிலுக்குப் பாட்டில் அடர்த்தி மாறும் என்பதால் லேபிளில் உள்ள அளவே இறுதியானது.
- நன்றாகக் குலுக்கி, மூடியோடு வரும் அளவுக் கப்பில் ஊற்றுங்கள். வீட்டுக் கரண்டி வேண்டாம்.
- கூடவே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கட்டாயம். குடலுக்கு வரும் நீர் உங்கள் உடம்பிலிருந்துதான் வருகிறது.
- ஜீப் ஏறும் முன்போ, பஸ் பயணத்துக்கு முன்போ எடுக்காதீர்கள். மறுநாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்து எடுப்பது நல்லது.
- ஒரு மணி நேரத்தில் வரவில்லையே என்று இன்னொரு முறை குடிக்க வேண்டாம். 6 மணி நேரம் வரை பொறுங்கள்.
- தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் சில பாட்டில்களில் லிக்விட் பாரஃபின் கலந்திருக்கும். அதைக் குடித்ததும் படுக்கக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இதை ஊட்டவே கூடாது.

யார் தொடவே கூடாது?

கவனம் அதிகம் தேவைப்படும் இடம் இது. உடம்பில் சேரும் கூடுதல் மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மெக்னீசியம் ரத்தத்திலேயே தேங்கும். குமட்டல், அளவுக்கு மீறிய தூக்கம், கை கால் தளர்ச்சி, பிரஷர் இறங்குதல், நாடித் துடிப்பு குறைதல், மூச்சுத் திணறல் என்று அது போகும். உயிருக்கே ஆபத்தாகலாம்.

சிக்கல் என்னவென்றால், சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பது பலருக்குத் தெரியாது. ஆரம்பத்தில் வலி இருக்காது. பல வருஷமாக சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். வீட்டில் வயதான அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ 'வழக்கமா குடுக்குறதுதானே' என்று தினமும் ஊற்றிக் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. ஜப்பானில் முதியவர்கள் மலச்சிக்கலுக்காக மெக்னீசியம் ஆக்சைடு எடுத்து பாதிக்கப்பட்டதால், 2015-ல் அந்நாட்டு அரசு எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. சோடியம் பாஸ்பேட்டை 24 மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் எடுப்பது சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதித்து உயிரைப் பறிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் எச்சரித்தது.

டாக்டர் சொல்லாமல் எடுக்கக் கூடாதவர்கள்:

- சிறுநீரக நோயாளிகள், டயாலிசிஸ் செய்பவர்கள்
- இதய நோய் உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள்
- குழந்தைகள், கர்ப்பிணிகள், தளர்ந்துபோன முதியவர்கள்
- வயிற்று வலியோ வாந்தியோ உள்ளவர்கள். அது குடல்வாலாகவோ குடல் அடைப்பாகவோ இருந்தால் பேதி மருந்து நிலைமையை மோசமாக்கும்.

வேறு மாத்திரை சாப்பிடுறீங்களா?

மெக்னீசியம் சில மாத்திரைகளை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக், இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் இடைவெளியை ஃபார்மசிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையாலேயே மலச்சிக்கல் வரலாம். அதற்காக மாத்திரையை நிறுத்தாமல் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

மலத்தில் ரத்தம், கறுப்பாக மலம், காரணமில்லாமல் எடை குறைவது, 50 வயதுக்கு மேல் புதிதாக மலச்சிக்கல் வருவது ஆகியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. வயிறு உப்பி, காற்றும் பிரியாமல் வாந்தி எடுத்தால் அது அவசரம்; 108-ஐ அழையுங்கள். கம்பம், உத்தமபாளையம், போடி அரசு மருத்துவமனைகளும், பெரியகுளம் மாவட்டத் தலைமை மருத்துவமனையும், க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. சந்தேகம் கேட்க 104.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டிலேயே சுகர், பிரஷர் மாத்திரை வாங்குபவர்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை செய்தாகிவிட்டதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். பேதி மருந்து எடுக்கலாமா என்பதை முடிவு செய்ய அது உதவும்.

மருந்துக்கு முன்னாடி...

தாகத்துக்குக் காத்திருக்காமல் தண்ணீர், கீரை, அவரை, சுண்டல், கம்பு, கேழ்வரகு, தினமும் ஒரு கொய்யா, கொஞ்சம் நடை. இத்தனைக்கும் மேலாக, வரும்போது அடக்காமல் போவது. காலைச் சாப்பாடு முடிந்த அரை மணி நேரத்துக்குள் குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தைப் பழக்கமாக்கிக்கொண்டால் பாட்டிலைத் தேட வேண்டிய நாட்கள் குறையும்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற மருந்தை மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.)