சுளுக்கும் ஓய்வும்: ஒரு சின்ன வரலாறு

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது கால் பிரண்டுவிட்டது. அரை மணி நேரத்தில் கணுக்கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. நண்பன் போனில், "ஐஸ் வை, ஒரு மாசம் காலை அசைக்காத" என்றான். ஆச்சி அதற்குள் மூசாம்பரத்தை எடுத்து உரச ஆரம்பித்துவிட்டாள். "ஐஸெல்லாம் வேண்டாம்லே, பத்து போட்டா வத்திரும். நாலு நாள் கழிச்சு மெதுவா நட."

எனக்கு அடுத்த மாதம் கல்லூரி ஓட்டப்பந்தயம். யார் சொல்வதைக் கேட்பது? படுத்தே கிடந்ததால் தேடிப் படித்தேன். (காஸ்ட் அக்கவுண்டிங் படித்திருக்க வேண்டும், அது வேறு கதை.)

முதலில் ஆச்சி கட்சி. மூசாம்பரம் என்பது கற்றாழைப் பால் காய்ந்து இறுகியது. முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பூசுவார்கள். சித்த மருத்துவத்தில் உள்மருந்து 32 வகை, வெளிமருந்து 32 வகை என்று கணக்கு. பற்று, கட்டு, ஒற்றடம், தொக்கணம் எல்லாம் வெளிமருந்தில் வரும். தொக்கணம் என்றால் பிடித்துவிடுவது. அதாவது அடிபட்ட இடத்தைக் கட்டிவைப்பதும் உண்டு, அசைத்துவிடுவதும் உண்டு. 1964-ல் நம் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியபின் இது பட்டப்படிப்பாகவும் ஆனது.

கட்டுவதா, அசைப்பதா என்ற இதே சண்டை இங்கிலாந்திலும் நடந்திருக்கிறது. அங்கேயும் பரம்பரை எலும்பு வைத்தியர்கள் இருந்தார்கள். டாக்டர்கள் அவர்களைப் போலிகள் என்றார்கள். ஆனால் 1867-ல் ஜேம்ஸ் பேஜெட் என்ற பெரிய அறுவை மருத்துவர், அவர்கள் குணமாக்கும் நோயாளிகளைப் பற்றியே தனியாக ஒரு விரிவுரை கொடுத்தார். அதிக நாள் அசையாமல் வைத்து இறுகிப்போன மூட்டுகளை அவர்கள் அசைத்துச் சரிசெய்கிறார்கள், அதில் நல்லதை நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து.

வேடிக்கை என்னவென்றால், ஓய்வுதான் மருந்து என்று அதே காலத்தில் அடித்துச் சொன்ன ஹ்யூ ஓவன் தாமஸ் (1834-1891) அப்படி ஒரு எலும்பு வைத்தியர் குடும்பத்துப் பிள்ளை! அப்பா லிவர்பூலில் பட்டமில்லாமல் வைத்தியம் பார்த்து, வழக்குகளையும் சந்தித்தவர். மகன் டாக்டருக்குப் படித்து, முழுமையான, இடைவிடாத, நீண்ட ஓய்வு வேண்டும் என்றார். காசநோய் மூட்டைத் தின்ற, ஆன்டிபயாடிக் இல்லாத காலம் அது. அவர் செய்த தொடைக்கட்டு முதல் உலகப் போரில் பல சிப்பாய்களின் உயிரைக் காத்தது. ஆக ஓய்வு தப்பில்லை. முறிந்த தொடைக்குச் சொன்னதைச் சுளுக்கிய கணுக்காலுக்கும் அப்படியே சொன்னதுதான் தப்பு என்று எனக்குப் படுகிறது.

நண்பனின் ஐஸ் யோசனைக்கும் ஒரு பிறந்த தேதி இருக்கிறது. 1978-ல் அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின் எழுதிய விளையாட்டு மருத்துவப் புத்தகத்தில் ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கும் 'ரைஸ்' என்ற பெயரில் வந்தன. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. 36 வருடம் கழித்து, 2014-ல், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று அவரே எழுதினார். சொன்னவரே மாற்றிக்கொண்டார், நம் ஜிம் மாஸ்டர்கள் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை :-)

எனக்கு உதவியது இன்னொருவர். 1965-ல் லண்டன் மருத்துவர் ஃப்ரீமேன், சுளுக்கிய கால் திரும்பத் திரும்பப் பிரளுவதற்குக் காரணம் தேடினார். தசைநார் மட்டுமல்ல, கால் எந்த நிலையில் இருக்கிறது என்று உணரும் திறனும் கெட்டுவிடுகிறது என்றார். ஆடும் பலகையில் நின்று பயிற்சி செய்தவர்களுக்குத் தொல்லை குறைந்தது. படுத்தே இருந்தால் அந்த உணர்வு திரும்பாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அடிபட்ட காலை ஊன்றி நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலித்தாலோ முதலில் எக்ஸ்ரே. கனடாவில் 1992-ல் வகுத்த ஒட்டாவா விதி இதைத்தான் பார்க்கச் சொல்கிறது. பத்து அதற்குப் பிறகு. கட்டு இறுக்கமாகி விரல் மரத்தால் உடனே அவிழ்க்க வேண்டும்.

என்னால் நாலு அடி வைக்க முடிந்தது, எலும்பிலும் வலியில்லை. ஆச்சியின் பத்து மூன்று நாள், பிறகு வீட்டுக்குள் நடை, இரண்டாம் வாரம் ஒற்றைக்காலில் நின்று பல் துலக்குவது. பந்தயத்துக்குப் போகவில்லை. ஆறாம் வாரம்தான் கொக்கிரகுளம் பாலம் வரை மெதுவாக ஓடினேன். ஒற்றைக்கால் விஷயம் மட்டும் ஆச்சிக்கு இன்னும் பிடிபடவில்லை. "தவம் பண்ணுதியாலே?" என்கிறாள்.