பிள்ளை வளர்ப்பில் பெற்றோர் பங்கு: மார்க்கமும் மரபும்

குழந்தையை வளர்ப்பது தாயின் கடமை, பொருளீட்டுவது தந்தையின் கடமை என்னும் பிரிவினையை மார்க்கத்தின் கட்டளையாகவே நம்மில் பலர் கருதுகின்றனர். வரலாற்றை ஊன்றி நோக்கினால், அப்பிரிவினையை வகுத்ததில் வசிப்பிடத்திற்கும் வாணிகத்திற்கும் உறவுமுறைக்கும் உள்ள பங்கு பெரிது என்பது புலனாகும்.

அல்குர்ஆனின் 'அல்பகரா' அத்தியாயம் 233ஆம் வசனம் இது குறித்துத் தெளிவாகப் பேசுகிறது. பால்குடிப் பருவத்தின் நிறைவை ஈராண்டு என வரையறுக்கும் அவ்வசனம், அக்காலத்தில் தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையைப் பொறுப்பாளியாக்குகிறது. அதற்கு முன்னரே பால் மறக்கச் செய்வதாயின், இருவரும் கலந்தாலோசித்து மனமொப்பிச் செய்யலாம் என்கிறது. மணவிலக்கு பற்றிய வசனங்களை அடுத்து இது வருவதால், பிரிந்த பெற்றோரையே முதன்மையாகச் சுட்டுகிறது என விரிவுரையாளர் பலர் கூறுவர். பிரிந்தவர்க்கே கலந்தாலோசனை வேண்டுமெனில், கூடி வாழ்வோர்க்கு அது எத்துணை இன்றியமையாதது!

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தவாறே தொழுததை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் அவர்கள் ஈடுபட்டதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். 1350இல் மறைந்த இப்னுல் கையிம் (ரஹ்), பிறந்த குழந்தை பற்றிய சட்டங்களுக்கெனவே 'துஹ்ஃபத்துல் மவ்தூத்' என்னும் நூலை இயற்றினார். பிள்ளைகள் பலர் கெடுவதற்குத் தந்தையரின் புறக்கணிப்பே காரணம் என்பது அவருடைய கருத்து.

இம்மரபு நம் கடற்கரை ஊர்களில் எவ்வடிவம் பெற்றது? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமான பெண் தாய்வீட்டைச் சார்ந்தே வாழ்வாள். கணவனே மனைவியின் இல்லத்திற்குச் செல்வான். மகளுக்கு வீடளிப்பது பெற்றோரின் பெருங்கடமை. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடமும் இதையொத்த வழக்கம் உண்டு. இலங்கை, பர்மா, மலாயா என ஆண்கள் வாணிகத்தின் பொருட்டு நெடுங்காலம் வெளியே தங்கிய சமூகத்தில், இவ்வேற்பாடு இளந்தாயைத் தனிமையிலிருந்து காத்தது. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டவும் உறங்க வைக்கவும் பாட்டியும் பெரியம்மாவும் சாச்சியும் இருந்தனர். தாய்க்கு அடுத்துத் தாயின் தாய்க்கே பராமரிப்புரிமை என்று ஃபிக்ஹ் நூல்கள் கூறும் 'ஹளானத்' வரிசை, இவ்வீடுகளின் அன்றாட நடைமுறையோடு இயல்பாகப் பொருந்தி நின்றது.

ஆயின் அதற்கு ஒரு விலையும் இருந்தது. ஈராண்டுக்கோ மூவாண்டுக்கோ ஒருமுறை கப்பலில் வந்திறங்கும் வாப்பா, தம் பிள்ளைக்கே விருந்தாளியாகத் தோன்றினார். அனுப்பும் பணமும் எழுதும் கடிதமுமே அவருடைய தந்தைமையாயின. சூழ்நிலை விதித்த இந்நிலை, காலப்போக்கில் ஆண்மைக்குரிய இலக்கணமாகவே கொள்ளப்பட்டது.

1942இல் போரும் 1960களில் தேசியமயமாக்கலும் பர்மிய வாணிகத்தை முடித்தன. 1970களிலிருந்து வளைகுடா நாடுகளின் வேலைவாய்ப்பு அவ்விடத்தை நிரப்பிற்று. பின்னர் மனைவி மக்களையும் உடன் அழைத்துச் செல்வோர் பெருகினர். சென்னையிலும் பெங்களூரிலும் தனிக்குடித்தனங்கள் எழுந்தன. கணவனும் மனைவியும் கைக்குழந்தையுமாக அடுக்ககத்தில் வாழ்வோர்க்கு, பாட்டியும் சாச்சியும் பகிர்ந்துகொண்ட வேலை குறையவில்லை; அதைச் செய்யும் கைகள்தாம் குறைந்தன. ஆணின் மனத்திலோ பழைய வாணிகனின் தந்தைமையே நிலைத்திருக்கிறது. நாள்தோறும் வீடு திரும்புகிறவரும் கடல் கடந்தவரைப் போலவே நடந்துகொள்கிறார். விளைவாக, முன்பு ஒரு வீட்டார் அனைவரும் சுமந்த பாரம் ஒருத்தியின் தோளில் இறங்கிவிட்டது.

நாட்டின் சட்டமும் பெரிதும் உதவவில்லை. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் தாய்க்கு 26 வார விடுப்பளித்தது. தந்தையின் விடுப்பைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. மத்திய அரசின் ஆண் ஊழியர்க்குக் கிடைப்பது 15 நாள்களே.

தாய்வீட்டு முறை தன் காலத்தின் தேவையை நிறைவேற்றிற்று. அதனை இகழ்தல் நன்றன்று. ஆனால் அவ்வீடு இல்லாத இடத்தில், அது வளர்த்த பழக்கத்தை மட்டும் பற்றிக்கொண்டு அதற்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டுவது இளந்தாய்மார்க்கு இழைக்கும் அநீதி. நிக்காஹ்வின்போது மஹரைப் பேசி முடிவு செய்கிறோம். குழந்தை பிறக்குமுன் இரவில் விழிப்பது யார், மருத்துவரிடம் அழைத்துச் செல்வது யார் என்பதையும் கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்தல் வேண்டும். கலந்தாலோசனை என்னும் சொல்லுக்கு இல்லத்தில் அதுவே பொருள்.