சூறாவளியின் பாதையும் மலையகத்தின் மழையும்

சூறாவளி என்றதும் இலங்கையர் நினைவிற் கடற்கரையே தோன்றும். 1964 டிசெம்பரில் வட இலங்கையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயலும், 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும் அந்நினைவை வளர்த்தன. ஆதலின் எதிர்வுகூறற் கலையும், புயல் எங்கே கரையைக் கடக்கும் என்னும் வினாவையே மையமாகக் கொண்டு வளர்ந்தது. அவ்வினாவுக்கு விடை தேடிய முறைகளை ஒப்புநோக்கி, அவ்விடை அக்கரப்பத்தனை போன்ற மலைத் தோட்டங்களுக்கு எவ்வளவு போதுமானது என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கத்தில் கப்பல்களின் செய்திகளும் பழைய புயல்களின் பாதைகளுமே வழிகாட்டின. முன்னோர் சென்ற வழியிற் செல்லாத புயல்களிடத்து அம்முறை தோற்றது. காற்றின் இயக்கத்தைச் சமன்பாடுகளாற் கணித்தறிய முயன்ற ஆங்கிலேய அறிஞர் இரிச்சாட்சன், 1922இல் தம் நூலை வெளியிட்டார். கையாற் செய்த அவர் கணக்குப் பிழைத்தது. எனினும் வழி பிழைக்கவில்லை. 1950இல் சாணி முதலியோர் அமெரிக்காவில் எனியாக் கணனியைக் கொண்டு 24 மணித்தியால எதிர்வுகூறலைக் கணித்தனர்.

அன்றைய மாதிரியுரு வளிமண்டலத்தை ஒரே படையாகக் கொண்டது. புயலை ஆற்றில் மிதக்கும் இலையெனக் கருதும் இம்முறை, வலுவான காற்றோட்டத்தில் ஓரளவு பயன்பட்டது. பல படைகளையும், ஈரப்பதனையும், வெப்பத்தையும் கணிக்கும் மாதிரியுருக்கள் பின்னர் எழுந்தன. 1975இல் நிறுவப்பட்ட ஐரோப்பிய நடுத்தரகால வானிலை நிலையம் 1979இல் எதிர்வுகூறலைத் தொடங்கியது. 2012இல் சாண்டிப் புயல் அமெரிக்கக் கரையை நோக்கித் திரும்பும் என்பதை, அமெரிக்க மாதிரியுருவுக்குச் சில நாள் முன்னரே ஐரோப்பிய மாதிரியுரு காட்டியது.

எனினும் எந்த மாதிரியுருவும் எப்போதும் வெல்வதில்லை. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்த புரெவி, பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கடக்குமென எதிர்பார்க்கப்பட்டது. அதுவோ மன்னார் வளைகுடாவில் தேங்கி வலுவிழந்தது. இத்தகைய ஐயப்பாட்டை அளவிடவே, தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றிப் பல முறை கணிக்கும் வழக்கம் தோன்றியது. ஐரோப்பிய நிலையம் இவ்வாறு 51 கணிப்புகளைச் செய்கின்றது. கோடுகள் நெருங்கின் உறுதி மிகும். விரியின் ஐயம் மிகும்.

இனி மலையகத்தை நோக்குவோம். 2025 நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரைவழியே புகுந்த டித்வா, வடக்கு நோக்கி நகர்ந்தது. அதனால் 600 பேருக்கு மேல் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மண்சரிவுகள் பெருந்துயர் விளைத்தன. புயலின் மையம் சென்ற இடம் ஒன்று. மக்கள் மடிந்த இடம் வேறொன்று. ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலெழுந்து மழையாகக் கொட்டுவதே இதற்குக் காரணம். ஐரோப்பிய மாதிரியுருவின் கட்டமோ ஏறக்குறைய 9 கிலோமீற்றர் அகலமுடையது. அக்கரப்பத்தனையின் முகடும் பள்ளத்தாக்கும் அக்கட்டத்துள் ஒரே சராசரி உயரமாகிவிடுகின்றன.

ஆகவே, பாதைக்கோட்டின் செம்மையை மட்டும் கொண்டு மாதிரியுருக்களை மதிப்பிடுதல் கரையோரத்தவரின் அளவுகோலேயாகும். எச்சரிவில் எவ்வளவு மழை, எத்தனை மணித்தியாலம், மண் முன்னரே எவ்வளவு நனைந்துள்ளது என்பனவே மலையகத்தின் வினாக்கள். தோட்டந்தோறும் மழைமானிகளும், லயன் அறைகளைக் காலத்தே எட்டும் தமிழ் அறிவித்தலும், ஒதுங்கப் பாதுகாப்பான நிலமும் இல்லாதவிடத்து, மிகச் சிறந்த கணிப்பும் கணனியோடு நின்றுவிடும்.