பேய்ச் சவாரி

ரிஷிவந்தியத்தில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலேற திருக்கோவிலூர் போக வேண்டும், இல்லையென்றால் சின்னசேலம். இரண்டு ஊரிலும் 2000-கள் வரை ஓடியது மீட்டர் கேஜ். அந்த ரயிலில் ஜன்னலோரம் அடித்துப் பிடித்து உட்கார்ந்தவர்கள்கூடப் பார்த்தது பக்கவாட்டு உலகத்தைத்தான். தண்டவாளம் எதிரே ஓடிவரும் அழகு இன்ஜின் டிரைவருக்கு மட்டும்!

அதை மற்றவர்களுக்கும் காட்டியது சினிமா. 1897-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனி ரயிலின் முகப்பில் கேமராவைக் கட்டி, நியூயார்க் மாநிலத்தின் ஹேவர்ஸ்ட்ரா சுரங்கத்துக்குள் விட்டது. திரையில் இன்ஜின் தெரியாது. ஏதோ ஒன்று நம்மைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். இந்த வகைப் படங்களுக்கே 'பேய்ச் சவாரி' என்று பெயர் வந்துவிட்டது. கொஞ்ச வருஷத்தில் ஜார்ஜ் ஹேல் என்பவர் (தீயணைப்புத் துறையில் தலைவராக இருந்தவர்!) ரயில் பெட்டி மாதிரியே தியேட்டர் அமைத்து, அதை ஆட்டோ ஆட்டென்று ஆட்டி, இந்தப் படங்களைப் போட்டுக் காசு பார்த்தார்.

1906-ல் சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவை, தெருவில் ஓடும் கேபிள் காரின் முகப்பிலிருந்து படமெடுத்தார்கள். ஏப்ரல் 18-ம் தேதி பூகம்பம், தொடர்ந்து தீ. தெருவின் பெரும்பகுதி போயிற்று, படம் தங்கிவிட்டது.

இப்போது இந்தச் சவாரி மேஜைமேல் நடக்கிறது. அலைச்சறுக்கு ஆடுகிறவர்களுக்காக 2004-ல் வந்தது கோப்ரோ கேமரா. அந்த ரகக் குட்டிக் கேமராக்களை மாடல் ரயில் பிரியர்கள் வேகனில் ஏற்றிவிட்டார்கள். ஹாம்பர்க்கில் உள்ள 'மினியேச்சர் வுண்டர்லாண்ட்' பொம்மை உலகத்தை 2016-ல் கூகுளே இப்படிப் படமெடுத்தது.

குட்டி லென்ஸில் கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றுபோலத் தெளிவாக விழும். பெரிய கேமராவில் பின்னணி மங்கி, 'இது பொம்மை' என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் 87-ல் ஒரு பங்கு அளவு உலகத்தில், ஆறு சென்டிமீட்டர் கேமரா ஐந்து மீட்டர் பூதம். குகை வாசலில் முட்டும். ஆகவே தட்டை வேகனில் தாழ்வாக வைத்து, இன்ஜினைப் பின்னாலிருந்து தள்ள விடவேண்டும். வேகம் விநாடிக்கு 19 சென்டிமீட்டர் போதும், நிஜத்தில் அது மணிக்கு 60 கிலோமீட்டர்.

இதே அளவில் நம் மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் சரியாக இருக்கும். ஐரோப்பியக் கம்பெனிகள் அதைத் தயாரிக்கின்றன. பழைய சின்னசேலம் ஸ்டேஷனைத்தான் நாமே அட்டையில் வெட்டி ஒட்டவேண்டும். எந்த வளைவில் எந்த மரம் நின்றது என்று அந்தக் கால டிரைவர்களைக் கேட்டு இப்போதே குறித்துக்கொள்வது நல்லது. அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.